மத்தியான அளவு

போன வெள்ளிக்கிழமை காந்தம் ஓய்வு பெற்றார். மருத்துவமனை மலருக்கு அவரைப் பற்றி அரைப்பக்கம் எழுதித் தரச் சொல்லி அலுவலகத்திலிருந்து ஒரு தாள் வந்தது. ‘கடமை தவறாதவர், இனிய சுபாவம் கொண்டவர்’ என்று முதல் வரியை அவர்களே அச்சடித்து அனுப்பியிருந்தார்கள். மீதியை நான் நிரப்பினால் போதுமாம். எனக்கு எரிச்சலாக வந்தது. இருபத்திரண்டு வருடம் ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமுமாக வேலை பார்த்திருக்கிறோம். அவரை அரைப்பக்கத்துக்குள் மடித்து வைக்க என்னால் முடியாது. நான் எழுதப்போவதை அவர்கள் மலரில் போடமாட்டார்கள் என்று தெரியும். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் கதிர் சிகிச்சைப் பிரிவில் இருப்பது ஒரே ஒரு மிஷின். புற்றுநோய் வந்தவர்களுக்குக் கதிர் கொடுக்கிற மிஷின். அதைப் பழுது பார்த்து ஓடவைப்பது அவர் வேலை. நோயாளியைப் படுக்கவைத்து, உடம்பில் வரைந்த கோடுகளைச் சரிபார்த்து, வெளியே வந்து கனத்த கதவைச் சாத்தி, பொத்தானை அழுத்துவது என் வேலை. மிஷின் ஓடும்போது அவரை யாரும் நினைக்கமாட்டார்கள். நின்றுவிட்டால் வாசல் காவலாளி முதல் பெரிய டாக்டர் வரை அவரைத்தான் தேடுவார்கள். எனக்கு மூக்கு நுனியில் கோபம். அவருக்குக் கோபமே வராது. அதைப் பார்த்தாலே எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும்.

மிஷினுக்குள் இருக்கும் காந்தத்தைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக வாய் திறந்துவிட்டால் போதும். கையில் இருக்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு ஆரம்பித்துவிடுவார். எலக்ட்ரானை மின்புலத்தில் விட்டால் அது பிடித்துத் தள்ளும், வேகம் ஏறிக்கொண்டே போகும். காந்தப்புலத்தில் விட்டால் கதை வேறு. சும்மா நிற்கிற எலக்ட்ரானைக் காந்தம் ஏறெடுத்தும் பார்க்காது. ஓடுகிற எலக்ட்ரானைத்தான் பிடிக்கும். பிடித்தாலும் முன்னால் தள்ளாது, பின்னால் இழுக்காது. பக்கவாட்டில் திருப்பிவிடும், அவ்வளவுதான். எங்கள் மிஷினில் ஒரு நீளக் குழாய்க்குள் மின்புலம் எலக்ட்ரானை விரட்டிக்கொண்டு வரும். குழாயின் முடிவில் காந்தம் அதை வளைத்து, நோயாளி படுத்திருக்கும் பக்கம் கீழே திருப்பும். அங்கே ஒரு உலோகத் தகட்டில் மோதும்போதுதான் கதிர் பிறக்கிறது. காந்தத்தின் பலம் இம்மி குறைந்தால் வளைவு மாறும், மோதுகிற இடம் தள்ளிப்போகும், கதிர் ஒரு பக்கமாகச் சாயும். இதை அவர் வார்டு ஆயாவுக்குச் சொல்லியிருக்கிறார், தண்ணீர் கேன் போட வந்தவருக்குச் சொல்லியிருக்கிறார், ஒரு தடவை பயத்தில் நடுங்கிக்கொண்டிருந்த நோயாளிக்கே சொல்லியிருக்கிறார். அந்த நோயாளி பயத்தை மறந்து தூங்கிப்போனார். அதிலிருந்து எல்லோருக்கும் அவர் காந்தம்தான்.

மருத்துவமனைக்கு வருவதற்கு முன் அவர் டிவி ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். அப்போது டிவிக்குப் பின்னால் பெரிய கண்ணாடிக் குழாய் இருக்கும். அதிலும் இதே எலக்ட்ரான், இதே காந்தம்தான் என்பார். அவர் மனைவியை, எனக்கு அண்ணியை, சந்தித்ததும் அப்படித்தான். அண்ணி தையல்காரர். வீட்டு டிவியில் ஒரு மூலையில் ஊதா நிறமாகத் திட்டு விழுந்திருக்கிறது என்று இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இவர் பின்பக்கத்தைக் கழற்றி இரண்டு மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டார். கடைசியில் டிவியின் மேல் விரித்திருந்த துணிக்கு அடியில், கீழே சிந்துகிற ஊசிகளைப் பொறுக்குவதற்காக அண்ணி வைத்திருந்த காந்தம் கிடைத்தது.

"டிவியில ஒரு கோளாறும் இல்லைங்க. உங்க காந்தம்தான் எலக்ட்ரானை வழி மாத்தி விடுது" என்றாராம்.

"எனக்கு ஊசி பொறுக்கணும். உங்க எலக்ட்ரானை வேற பக்கமாப் போகச் சொல்லுங்க" என்றாராம் அண்ணி.

அடுத்த மாதமே பெண் கேட்டுப் போய்விட்டார். இந்தக் கதையை அண்ணி சொல்லி நூறு தடவை கேட்டிருப்பேன். ஒவ்வொரு தடவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புதிதாகக் கேட்பது போல வெட்கப்படுவார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைத் தங்கை என்று சொல்லிக்கொள்வார்கள். பண்டிகை, விசேஷம் எதற்கும் என்னை விட்டுவிட்டுச் சாப்பிட்டதில்லை.

எங்கள் பிரிவில் நோயாளிகள் போட்டுக்கொள்ளும் பருத்தி கவுன்கள் அண்ணி தைத்தவை. அப்போது முடிச்சு முதுகுப் பக்கம் இருக்கும். எல்லா மருத்துவமனையிலும் அப்படித்தான். எட்டு வருடத்துக்கு முன் அண்ணிக்கே இடது மார்பில் கட்டி வந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, கதிர் எடுத்துக்கொள்ள எங்களிடம் வந்தார். முதல் நாள் கவுனைப் போட்டுவிட்டு முடிச்சுப் போடக் கையைப் பின்னால் கொண்டுபோனார். இடது கை பாதியிலேயே நின்றுவிட்டது. நான் போய் முடிச்சுப் போட்டேன்.

"இத்தனை வருஷமா இதையா தைச்சுக் கொடுத்தேன்? கை தூக்க முடியாதவங்க எல்லாம் என்னை எப்படித் திட்டியிருப்பாங்க" என்றார்.

சிகிச்சையில் இருந்துகொண்டே நாற்பது கவுன்களையும் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் பிரித்து, முடிச்சைப் பக்கவாட்டுக்கு மாற்றித் தைத்தார். ஓய்வு எடுங்கள் என்று நான் கத்தினேன். தைக்கிறதுதான் ஓய்வு என்று வாயை அடைத்துவிட்டார்.

அவருக்கு மொத்தம் இருபத்தைந்து நாள் சிகிச்சை. வாரத்துக்கு ஐந்து நாள், ஐந்து வாரம். பெரிய டாக்டர் ஆரம்பத்திலேயே கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்: "நடுவுல இடைவெளி விழக்கூடாது. நாம நிறுத்தினா அது வளர ஆரம்பிச்சிடும்." காந்தம் அதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எதற்கு என்று கேட்டேன். சும்மா இருக்கட்டும் என்றார்.

காலை ஏழரை மணிக்கு முதல் ஆளாக அண்ணியைப் போடுகிறேன் என்று நான் சொன்னேன். அவர் கேட்கவில்லை. "தூரத்துல இருந்து பஸ் பிடிச்சு வர்றவங்களுக்குக் காலை நேரத்தைக் கொடும்மா. அவளுக்கு மத்தியானம் வை. முடிஞ்சதும் ரெண்டு பேரும் உக்காந்து சாப்பிட்டுட்டு, நானே கொண்டுபோய் விட்டுட்டு வந்துடுவேன்." அப்படியே பதினொன்று நாற்பது என்று முடிவானது. தினமும் காத்திருப்போர் பெஞ்சில் அண்ணி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு உட்கார்ந்திருப்பார். சிகிச்சை முடிந்ததும் இருவரும் பின்பக்க மரத்தடிக்குப் போவார்கள். ஐந்து வாரம் படாத பாடு படவேண்டிய காலத்தில் கல்யாணமான புதிதில் இருப்பவர்கள் மாதிரி இருக்கிறார்களே என்று நான் கிண்டல் செய்வேன்.

பதினாறாவது நாள் சாயங்காலம் வீட்டில் அண்ணிக்கு மருந்து தடவிவிடும்போது, தோல் சிவந்திருப்பதை அவர் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் சிவக்கும். ஆனால் அக்குள் பக்கம் கறுத்துப்போய், நடு மார்புப் பக்கம் லேசாக இருந்திருக்கிறது. மறுநாள் காலை முதல் வேலையாக என்னிடம் வந்து கேட்டார்.

"ஒரு பக்கம் மட்டும் ஏன் அதிகமா இருக்கு?"

"அக்குள்ல மடிப்பு இருக்கு, வேர்வை இருக்கு, உரசும். உங்களுக்குத் தெரியாததா?" என்றேன். டாக்டரும் அதையே சொன்னார். காலை ஏழு மணிக்கு மிஷினை அளந்து எழுதும் பதிவேட்டைக் காட்டினேன். கதிரின் இரண்டு பக்கத்துக்கும் இருக்கிற வித்தியாசம் நூற்றுக்கு மூன்றைத் தாண்டினால்தான் நிறுத்த வேண்டும். அன்று ஒன்றுகூட இல்லை. பதினைந்து நாளாக அப்படித்தான் இருந்தது.

அவர் சமாதானமாகிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அன்று மத்தியானம் அண்ணிக்குப் பதினேழாவது சிகிச்சை முடிந்தது. மரத்தடியில் சாப்பிடும்போது பேச்சு திரும்பவும் அங்கேயே வந்தது. நானும் அன்று கூட இருந்தேன். மிஷினைப் பற்றி அண்ணிக்கு அவர் எப்போதோ தையல் மிஷினை வைத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஊசிக்கு அடியில் இருக்கிற பல் துணியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கும், அது மின்புலம். வளைவாகத் தைக்க வேண்டுமென்றால் கைதான் துணியைத் திருப்ப வேண்டும், அது காந்தம்.

"காலையில அளந்தா எல்லாம் சரியா இருக்குதும்மா" என்றார் அவர்.

"காலையில தைச்சா என் கையும் சரியாத்தான் திரும்பும்" என்றார் அண்ணி, பாத்திரத்தை மூடிக்கொண்டே. "மத்தியானம் சோர்ந்துபோனதுக்கு அப்புறம்தான் கோணல் விழும். நீங்க மத்தியானம் அளந்து பாத்தீங்களா?"

அவர் எழுந்துவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை. 

எங்கள் பிரிவே அப்படித்தான் பழகியிருந்தது. காலையில் மிஷின் சில்லென்று இருக்கும்போது ஒரு தடவை அளப்போம், எழுதுவோம், கையெழுத்துப் போடுவோம். ஐந்து மணி நேரம் ஓடிச் சூடேறிய மிஷினை யாரும் அளந்ததில்லை. அவர் உள்ளே போய் அளந்தார். நாலரை. இன்னொரு தடவை அளந்தார். நாலு புள்ளி ஏழு. மிஷின் தானாக நின்றுகொள்கிற எல்லைக்கு இன்னும் கொஞ்ச தூரம் இருந்தது, அதனால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

வெளியே இன்னும் பதினாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். "இன்னைக்கு இருக்கிறவங்களை முடிச்சிடலாம் அண்ணே, அப்புறம் பாக்கலாம்" என்றேன்.

"கோணலா இருக்குன்னு தெரிஞ்சப்புறம் எப்படிம்மா போடுவே?" என்று கேட்டார். அவரே போய் மிஷின் சாவியைத் திருப்பி எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். டாக்டர் சொன்னதை எழுதிய சீட்டு இருந்த அதே பைதான்.

காந்தத்தின் கம்பிச் சுருளான காயிலைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் ஒரு சிறு குழாய் உண்டு. அதில் கசடு சேர்ந்து பாதி அடைத்திருந்தது. தண்ணீர் போதாமல் காயில் சூடேறியது, சூடேறியதும் காந்தத்தின் பலம் தளர்ந்தது. இவ்வளவுதான் கோளாறு. ஆனால் பல நாள் சூட்டிலேயே ஓடியதால் காயிலின் உறை கருகிவிட்டிருந்தது. புதுக் காயில் வெளியூரிலிருந்து வர வேண்டும். அவர் கருகிய காயிலைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

"பத்து நாளைக்கு முன்னாடி தெரிஞ்சிருந்தா ஒரு சாயங்காலத்துல குழாயைக் கழுவி மாட்டியிருப்பேன். ஒரு நாள்கூட நின்னிருக்காது" என்றார்.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். பதினொரு நாளாக எனக்குத் தெரியும். கோளாறு என்று தெரியாது. ஆனால் ஏதோ சரியில்லை என்று தெரியும். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு கதிர் என்று கணக்கு உண்டு. அது முடிந்தால்தான் மிஷின் நிற்கும். எலக்ட்ரான் சிதறி வரத்துக் குறைந்தால் நேரம் கூடும். அண்ணிக்கு நாற்பத்திரண்டு விநாடியில் முடிய வேண்டியது நாற்பத்து நாலு ஆயிற்று, நாற்பத்தாறு ஆயிற்று, நாற்பத்தெட்டு ஆயிற்று. மத்தியானத்தில் மட்டும். கன்சோல் முன்னால் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சொன்னால் அவர் உடனே நிறுத்திவிடுவார். அவரைப் பற்றி எனக்குத் தெரியாதா? நிறுத்தினால் அண்ணிக்கு இடைவெளி விழும். இன்னும் கொஞ்ச நாள்தானே, அண்ணிக்கு இருபத்தைந்தும் முடியட்டும், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வாயை மூடிக்கொண்டேன். அண்ணி மேல் இருந்த பிரியத்தில் செய்தேன். அதுதான் இன்றுவரை என்னைக் கொல்கிறது.

அன்று சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்தேன். சொல்லவில்லை.

காயில் வரப் பதினாறு நாள் ஆயிற்று. பக்கத்து நகரத்து மருத்துவமனையில் எங்கள் நோயாளிகளுக்கு நாலே நாலு இடம் கொடுத்தார்கள். தொண்டையில் வேகமாக வளரும் கட்டி இருந்தவர்களுக்குப் போயிற்று. அதுதான் நியாயம். அந்தப் பட்டியலில் அண்ணி பெயரையும் சேர்க்கச் சொல்லி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று அவரிடம் கெஞ்சினேன், பிறகு சண்டையே போட்டேன்.

"அவளைச் சேர்த்தா யாரை எடுக்கச் சொல்றே?" என்றார்.

"எனக்குத் தெரியாது. உங்களுக்கு உங்க பொண்டாட்டி வேணுமா வேண்டாமா?"

அவர் மறுபடி மிஷினுக்குள் போய்விட்டார். இப்படி ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அந்தப் பதினாறு நாளும் அண்ணி பெஞ்சுக்கு வந்தார். சிகிச்சை இல்லாவிட்டாலும் பதினொன்று நாற்பதுக்குச் சாப்பாட்டோடு வந்துவிடுவார். மிஷினைப் பிரித்துப்போட்டு அதற்குள் கிடந்தவரை வெளியே வரவழைத்துச் சாப்பிட வைத்துவிட்டுப் போவார். ஒரு நாள் என்னிடம், "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கலாம், இல்ல?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அடுத்த நொடியே, "எனக்கு அப்புறம் பதினாலு பேர் உக்காந்திருந்தாங்க. பாவம்" என்றார். நான் கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன்.

புதுக் காயில் வந்தது, மாட்டினார், மிஷின் ஓடியது. அண்ணிக்கு மிச்சம் எட்டு நாளோடு, இடைவெளிக்கு ஈடாக மூன்று நாள் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் நன்றாக இருந்தார். அதற்குப் பிறகு அதே பக்கத்தில் நோய் திரும்பவும் தலைகாட்டியது, எலும்புக்குப் போயிற்று. இடைவெளியால்தான் வந்ததா என்று டாக்டரிடம் நானே போய்க் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. இடைவெளி விழாதவங்களுக்கும் வருது. விழுந்தவங்க நல்லாவும் இருக்காங்க" என்றார். தோல் கறுத்ததற்கும் மிஷினுக்கும் சம்பந்தமே இருக்காது, அந்தச் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது என்றும் சொன்னார். அதாவது, இல்லாத ஒன்றைப் பார்த்துப் பயந்துதான் அவர் இருந்த கோளாறைக் கண்டுபிடித்திருக்கிறார்.

அண்ணி போய் ஆறு வருடம் ஆகிறது. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் அவர் வேலைக்கு வந்தார். பதிவேட்டில் ‘காலை அளவு’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ‘மத்தியான அளவு’ என்று இன்னொரு கட்டம் வரைந்தார். மேலிடம் சொல்லவில்லை, சட்டத்தில் இல்லை. அன்றிலிருந்து தினமும் பதினொன்று நாற்பதுக்கு நோயாளிகளைக் கொஞ்சம் காக்கவைத்து உள்ளே போய் அளந்துவிட்டு வருவார். அதன் பிறகு காந்தத்தைப் பற்றி அவர் யாருக்கும் விளக்கி நான் கேட்கவில்லை. புதிதாக வந்தவர்கள் அவரை ஏன் காந்தம் என்று கூப்பிடுகிறார்கள் என்று என்னிடம்தான் கேட்பார்கள்.

வெள்ளிக்கிழமை அவருடைய கடைசி நாள். மாலை போட்டு, பேசி, போட்டோ எடுத்து எல்லோரும் கலைந்துவிட்டார்கள். அவர் மேஜையைக் காலி செய்துகொண்டிருந்தார். ஸ்க்ரூ டிரைவர்கள், ஒரு பழைய மூக்குக்கண்ணாடி, அண்ணியின் ஊசி பொறுக்கும் காந்தம். அதைப் பார்த்ததும், இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டேன் என்று தோன்றியது.

"அண்ணே, அண்ணிக்கு ட்ரீட்மெண்ட் நடந்தப்ப, மத்தியானத்துல நேரம் கூடிக்கிட்டே வந்துச்சு. எனக்குத் தெரியும். பதினொரு நாள் பாத்துக்கிட்டே இருந்தேன். உங்ககிட்ட சொல்லலை."

அவர் ஸ்க்ரூ டிரைவர்களைத் துணியில் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தெரியும்மா" என்றார்.

சுற்றிய துணியைப் பெட்டியில் வைத்தார்.

"ஒவ்வொருத்தருக்கும் எத்தனை விநாடி ஓடுச்சுன்னு மிஷின் எழுதி வெச்சிருக்கும்ல? காயிலைக் கழட்டின அன்னைக்கே எடுத்துப் பாத்துட்டேன்."

"எட்டு வருஷம் அண்ணே. ஒரு வார்த்தை ஏன் என்னைக் கேக்கலை?"

"கேக்கணும்னுதான் மறுநாள் வந்தேன். கோபமாத்தான் வந்தேன்." அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றுதான் முதல்முறையாகக் கேட்டேன். "நீ பெஞ்சுல உக்காந்து அவளுக்குத் தலை சீவிவிட்டுக்கிட்டு இருந்தே. அவளுக்குத்தான் கை தூக்க முடியாதே. கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தா. அப்படியே திரும்பிட்டேன்."

அவர் மூக்குக்கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

"அவளும் கேட்டா, இத்தனை நாள் எப்படி யாருக்கும் தெரியாமப் போச்சுன்னு. காலையில அளந்தா தெரியாதும்மான்னு சொன்னேன். உன்னைத் தங்கச்சின்னு சொல்லிக்கிட்டு இருந்தா. அவகிட்ட இருந்து அதையும் எடுத்துட்டு நான் என்னம்மா பண்ணுவேன்?"

மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு கதவு வரை போனவர் திரும்பி வந்து, ஊசி பொறுக்கும் காந்தத்தை என் மேஜையில் வைத்தார். "மிஷின் பக்கத்துல கொண்டுபோயிடாதே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்குக் காத்திருப்போர் பெஞ்சில் ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோருடைய கவுனிலும் முடிச்சு பக்கவாட்டில் இருந்தது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, நான் உள்ளே போய் மத்தியான அளவு எடுத்தேன்.